நிழல் விழாத வெள்ளிக்கிழமை

"இந்த வெள்ளிக்கிழமை நீங்க வர வேண்டாம்" என்று தொலைபேசியில் சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்திருக்கும் என்று சுகிர்தராணிக்கு உறைத்தது. முதலில் சொல்ல நினைத்தது வேறு. கிரேக்கர்களைப் பற்றி, நிழலைப் பற்றி, அபுதாபிப் பாலைவனத்தில் லிவா பக்கம் கணவன் வேலை பார்க்கும் கேம்ப்பை ஒட்டிக் கடகரேகை போவதைப் பற்றி எல்லாம் வரிசையாகச் சொல்லி, கடைசியில்தான் இதைச் சொல்வதாக இருந்தாள். பேச்சென்று வந்தால் அவளுக்கு எப்போதும் வால்தான் முதலில் வரும்.

மறுமுனையில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. "ஏன், எங்கயும் போறியா?" என்றான் இஸ்ரவேல்.

"இல்ல. அன்னைக்கு அங்கயே இருந்து, மத்தியானம் பாங்கு சொல்லுததுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு கம்ப நேரா நட்டு நிழலப் பாக்கணும். செய்வியளா?"

"என்னத்தப் பாக்கணும்?"

"நிழல."

"நிழலப் பாக்கதுக்கு நான் இங்க இருக்கணும். உன்னப் பாக்க வரக்கூடாது. அப்படித்தான? சரி, வைக்கேன். ஃபோர்மேன் நிக்கான்."

வைத்துவிட்டான். துபாய் அல் குசைஸில் இருந்த அந்தக் குடியிருப்பு அற்புதராணி அக்காவுடையது. கிளினிக்கில் நர்ஸ். ஓர் அறையை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். தொலைபேசி ஹாலில் இருந்ததால் இந்த வீட்டில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏளா, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவல. புருஷன வராதியன்னு சொல்லுத மொத பொம்பள நீயாத்தான் இருப்ப."

சுகிர்தராணி ரிசீவரைத் திரும்ப வைத்தாள். போன வெள்ளிக்கிழமை அவனுக்கு அவள் பதில் சொல்லவில்லை. அதனால் வந்த வினைதான் இவ்வளவும். அன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த இஸ்ரவேல், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீ யார்ட்டயும் பேச மாட்டேங்க. நாள் பூரா சுவத்தப் பாத்துட்டு இருக்க. அடுத்த மாசம் டிக்கெட் போட்டுருதேன். ஊர்ல அம்மை கூட இரு." அவனுக்கு அதில் கோபம் இல்லை, கரிசனம்தான். தனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, வாரம் முழுக்கக் காத்திருப்பதுகூடப் பிடித்துத்தான் இருக்கிறது என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். சொல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவளுக்குத் தடுமாறாமல் பேச வருவது பௌதிகம் ஒன்றுதான். கல்லூரியில் ஒரே ஒரு முறை, வகுப்பு முழுவதும் கேட்க, கால் நடுங்காமல் பேசியிருக்கிறாள். எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் பூமியை அளந்த கதை அது. அலெக்சாந்திரியா நூலகத்தில் வேலை அவருக்கு. தெற்கே வெகு தூரத்தில் ஒரு ஊரில், கோடை உச்சி நாள் நண்பகலில், வெயில் கிணற்றின் அடிவரை இறங்குகிறது என்று கேள்விப்படுகிறார். அங்கே நிழல் இல்லை, அதே நேரம் இங்கே இருக்கிறது. சூரியன் ஒன்றுதானே, அப்படியானால் வளைந்திருப்பது தரைதான். இரண்டு நிழல்களின் வித்தியாசமும் இரண்டு ஊர்களின் தூரமும் தெரிந்தால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். கூட இருந்தவர்கள் அவருக்கு 'பீட்டா' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்களாம். எல்லாவற்றிலும் இரண்டாவது என்று அர்த்தம். பள்ளியிலிருந்து பட்டம் வரை இரண்டாம் இடத்தைவிட்டு நகராத சுகிர்தராணிக்கு அந்த மனிதரிடம் ஒட்டுதல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கிரேக்கர்களின் போர்களும் சிலைகளும் அவளைக் கவர்ந்ததில்லை. ஒரு நிழலுக்காக உட்கார்ந்து மல்லுக்கட்டியதும், எங்கோ ஒரு ஊரில் எவரோ பார்த்துச் சொன்னதை நம்பியதும்தான் பிடித்திருந்தது. ஒருவர் மட்டும் செய்ய முடியாத கணக்கு அது. ஒரே இடத்தில் இருக்கும் இருவராலும் முடியாது.

கடகரேகையை ஒட்டிய கேம்ப்பில் அந்த நாள் நண்பகலில் நிழல் விழாது, துபாயில் விழும். இஸ்ரவேல் ஒரு முறை அதைச் செய்து பார்த்தால், தான் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தாள். எண்பத்தைந்தில் அந்தக் கோடை உச்சி நாள் அவன் வருகிற வெள்ளிக்கிழமையிலேயே வந்து விழும் என்று அவள் என்ன கண்டாள்!

வெள்ளிக்கிழமை நடுப்பகல் மொட்டைமாடி கொதித்தது. பால்பவுடர் டின்னில் மணலை அடைத்துத் திரைச்சீலைக் கம்பியை நட்டு, நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்த்தாள். அற்புதராணி குடையோடு மேலே வந்தாள்.

"இந்த வெயில்ல நின்னா நாளைக்கு எங்க கிளினிக்லதான் படுப்ப. டிரிப் நான்தான் ஏத்தணும்."

"கொஞ்ச நேரம்தான்க்கா. குடைய அங்கிட்டுப் புடிங்க, நிழல மறைக்கு."

"இதுல எங்க இருக்கு நிழல்?"

கம்பியின் காலடியில், வடக்குப் பக்கம், எறும்புச் சாரி போல ஒரு கோடு. பார்க்கப் பார்க்கக் குறுகி, இரண்டு விரல் அகலத்தில் நின்றது. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. சுகிர்தராணி கரித்துண்டால் அதன் நுனியைக் குறித்தாள்.

"அவன் அங்க பாக்கலன்னா?" என்றாள் அற்புதராணி.

"பாக்கலன்னா இது சும்மா ஒரு கம்பிக்க நிழல், அவ்வளவுதான்க்கா."

சாப்பாடு இறங்கவில்லை. அக்காவின் கணவர் ஜான் பீட்டர் டெலிவிஷன் முன்னால் உறங்கிப்போனார். மூன்று மணிக்கு மேல் தொலைபேசி அடித்தது. அற்புதராணி எடுத்து, ஒன்றும் பேசாமல் நீட்டினாள்.

"நிழல் இல்ல" என்றான் இஸ்ரவேல்.

"நட்டியளா?"

"பைப்பு ஒண்ணு நட்டேன். மணல்ல சாஞ்சிட்டே இருந்துச்சி. பொறவு நானே போய் நின்னேன். சமையக்கார கலீல் ரஹ்மான் பாய் என்னச் சுத்திச் சுத்தி வந்து பாத்தாரு. 'எல இஸ்ரவேலு, உன்னப் பாதி காணோம்ல'ன்னு ஒரே சிரிப்பு. காலடியில கொஞ்சம் கருப்பா இருந்துச்சி. வேற ஒண்ணும் இல்ல. அங்க எவ்வளவு?"

"ரெண்டு விரல்."

"அவ்வளவுதானா? அத வச்சு என்ன செய்யப்போற?"

அவள் சொன்னாள். தரை வளைந்திருப்பதை, இரண்டு விரலைக் கோணமாக மாற்றுவதை, அதிலிருந்து பூமி முழுவதையும் எட்டிப் பிடிப்பதை. இவ்வளவு நேரம் அவனிடம் தொடர்ச்சியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அற்புதராணி எழுந்து போய் டெலிவிஷனை அணைத்தாள்.

"அப்ப தூரம் வேணும்லா?" என்றான் அவன் இடையில்.

"வேணும்."

"கேம்ப்ல வண்டிய எடுக்கும்போதே பிக்கப் மீட்டரப் பாத்துக்கிட்டேன். ஆனா ரோடு நேரா வரலியே. கடல் ஓரமாச் சுத்தில்லா வருது."

"கிளம்பிட்டியளா?"

"வர்ற வழியில தாரிஃப் பெட்ரோல் பம்புல நிக்கேன்." ஒரு லாரி கடந்து போகும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்தான். "வர வேண்டாம்னு சொன்னியே. வரவா, திரும்பவா?"

சுகிர்தராணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் அக்கா மூச்சுவிடாமல் நிற்பது தெரிந்தது. "வாங்க" என்றாள். பிறகு, நிறுத்தினால் இனி எப்போதும் வராது என்று பயந்தவள் போல, "எனக்கு டிக்கெட் போட வேண்டாம். இங்க இருக்கது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

பெட்ரோல் பம்பில் யாரோ அரபியில் யாரையோ அவசரப்படுத்தினார்கள்.

"அத வந்து பேசுவம்" என்றான் இஸ்ரவேல். குரலில் எதுவும் பிடிபடவில்லை. "சோறு வச்சிரு."

உலையை ஏற்றிவிட்டு அவள் மாடிக்குப் போனாள். வெயில் சாய்ந்து கண்ணுக்கு நேராக அடித்தது. அந்த வெளிச்சத்திலிருந்து சாலையில் வந்த வண்டிகளுக்கு நிறமில்லை, உருவமில்லை, வெறும் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் அருகே வந்து லாரியாகவோ டாக்சியாகவோ மாறிக் கடந்து போயிற்று. அவன் வர இன்னும் வெகுநேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு அடுத்த புள்ளியைப் பார்த்தாள்.