சவ்னா மாதிரி இருக்கணும்

தகரத்தின் மேல் தேவதாருப் பலகையை வைத்து டேரல் கங்காஸ் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஆணிக்கு ஒரு வசவு வீதம் விழுந்தது. அந்தத் தகரத்தை அடித்ததும் அவன்தான். முற்றத்தில் வெட்டவெளியில் நின்ற விறகு உலை பார்க்க அசிங்கமாக இருக்கிறது, சுற்றிக் கொட்டகை போடு என்று விடுதி முதலாளி மெரிடித் சொன்னபோது, அவன் ஒழுங்காகத்தான் கட்டினான். கான்கிரீட் தரை, சுவருக்கு உள்பக்கம் தகரம், புகைக்குழாய் கூரையைத் தாண்டும் இடத்தில் மரம் நெருங்காதபடி இரும்பு வளையம். விறகைக்கூட வெளியே தள்ளித்தான் அடுக்கியிருந்தான்.

அப்போது கட்டி முடித்ததும் மெரிடித் வந்து எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்ன டேரல், உள்ள தகர டப்பா மாதிரி இருக்கு?"

"உலைக்குத் தகரந்தாங்க நல்லது. பலகை போட்டா காஞ்சு காஞ்சு ஒருநாள் பத்திக்கும்."

"வர்றவங்க கதவத் திறந்து பாக்கிறாங்க. சவ்னா மாதிரி இருக்கணும். வெளிய சிவப்பு பெயின்ட், உள்ள பலகை, ஒரு பெஞ்ச். ஃபின்லாந்து வம்சம் நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"சவ்னால வேர்வைக் குளியலுக்கு மனுஷன் உக்காருவான். இதுல நெருப்புல்ல உக்காந்திருக்கு!"

"எதுக்கெடுத்தாலும் ஒரு பயம் உங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

உலையில் காயும் வெந்நீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாக ஓடி, பெரிய விடுதியையும் ஏரிக்கரையில் இருந்த மூன்று மரவீடுகளையும் சூடாக்கிவிட்டு, கடைசியாக டேரலின் ட்ரெய்லர் வீட்டுக்கு வரும். அந்த வீடு வேலையோடு வந்தது, வேலை போனால் அதுவும் போகும். உள்ளே மனைவி ஐலீன் நிமோனியாவில் படுத்து, இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். குளிர் படவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். டேரல் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பலகையையும் அடித்து முடித்தான்.

ஃபின்லாந்துக்காரர்கள் குடியேறிய அந்த அமெரிக்க வட்டாரத்தில் புகைக்குழாய் வைத்த சின்ன மரவீடு எதுவானாலும் சவ்னாதான். சிகாகோவிலிருந்து பனிவண்டி ஓட்ட வந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. சிவப்புக் கொட்டகையைக் கண்டதும் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து பீர் குடித்தார்கள். நனைந்த கையுறையையும் கோட்டையும் புகைக்குழாய்ப் பக்கத்தில் காயப்போட்டார்கள். டேரல் எல்லாவற்றையும் வாரி வெளியே எறிந்துவிட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டான். மறுநாள் பூட்டைக் காணோம்.

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் மெரிடித். "எல்லாரும் அங்க நின்னு ஃபோட்டோ எடுத்துப் போடறாங்க. காசில்லாத விளம்பரம் டேரல், கெடுக்காதீங்க."

"யாராச்சும் வெந்து போனா அதையும் ஃபோட்டோ எடுப்பாங்களா?"

"வார்த்தைய அளந்து பேசுங்க."

சனிக்கிழமை மதியம் அவன் மரவீட்டுக் கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது, கொட்டகைக் கதவிடுக்கில் கறுப்புப் புகை வருவதைப் பார்த்தான். யாரோ தொங்கவிட்ட கோட்டு நழுவிக் குழாய்மேல் விழுந்திருந்தது. அவன் ஏணியில் இறங்கி ஓடுவதற்குள் பலகைகள் சடசடவென்று பிடித்துக்கொண்டன. ஊர்த் தீயணைப்புக்காரர்கள் வந்து அணைத்தபோது கரிக்கு நடுவில் உலை மட்டும் கோணலாக நின்றது. உடைந்த குழாயிலிருந்து வெந்நீர் முற்றமெங்கும் ஓடி, ஓடிய இடத்திலேயே உறைந்துகொண்டிருந்தது. உள்ளே ஆளில்லாதது யார் செய்த புண்ணியமோ.

தீயணைப்புத் தலைவர் வாலஸ் கரிந்த பலகை ஒன்றைக் காலால் நெம்பினார். பின்னால் தகரம் தெரிந்தது.

"நல்ல தகரம் இருக்கு, அதுக்கு மேல பலகை அடிச்ச அறிவாளி யாருய்யா?"

மெரிடித் தோளைக் குலுக்கினாள். "கொட்டகை டேரல் கட்டினது."

அவள் சொன்னது பொய்யும் இல்லை. டேரல் அவளுக்கு எதிரே வந்து நின்றான்.

"யார் அடிக்கச் சொன்னதுன்னும் சொல்லுங்க! பூட்ட யார் எடுத்ததுன்னு சொல்லுங்க!"

"கெஸ்ட் முன்னாடி கத்தாதீங்க" என்றவள், கோட்டைப் பறிகொடுத்த ஆளிடம் திரும்பினாள். "கவலைப்படாதீங்க, புதுசு நான் வாங்கித் தர்றேன்."

விடுதியிலும் மரவீடுகளிலும் கேஸ் ஹீட்டர்கள் இருந்தன. சற்று நேரத்தில் எல்லா ஜன்னலிலும் வெதுவெதுப்பான வெளிச்சம் வந்தது. ட்ரெய்லரில் இருந்த ஹீட்டரை, ரெண்டு சூடு எதற்கு என்று மெரிடித் உலை வந்த வருஷமே கழற்றி விற்றிருந்தாள். சாயங்காலத்துக்குள் அங்கே சமையலறைக் குழாயில் தண்ணீர் உறைந்து நின்றுவிட்டது. ஐலீன் பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது.

டேரல் விடுதிக்குப் போய் மெரிடித் முன்னால் நின்றான். "அவளுக்கு மட்டும் ஒரு ரூம் குடுங்க. நான் எங்கயாச்சும் கிடந்துக்கிறேன்."

"எல்லா ரூமும் புக் ஆயிருக்கே டேரல். சொந்தக்காரங்க யாரும் இல்லயா?"

"ஹால்ல ஒரு சோபா போதுமே!"

"அங்க எல்லாரும் சாப்பிட வருவாங்க. இருமிக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தான். அக்கா வீட்டுக்குப் போகும் மலைச்சாலையில் பனி வாரும் வண்டி இன்னும் வந்தபாடில்லை. வழி திறந்ததும் கூப்பிடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். அதுவரை ஐலீனைக் கம்பளியில் சுற்றித் தன் பிக்அப் வண்டியில் உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டரை முழுதாகத் திருப்பினான். விடுதிச் சுவரோரம் மட்டும்தான் காற்றடிக்காமல் இருந்தது, அங்கே நிறுத்தினான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் உதட்டுக்கு நிறம் திரும்பியது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். விடுதியில் தங்கியிருந்த ஒருவர், கையில் ஆவி பறக்கும் கோப்பை. டேரல் கண்ணாடியை இறக்கினான்.

"தப்பா நினைக்காதீங்க. வண்டிப் புகை எங்க ரூமுக்குள்ள வருது. இன்ஜினக் கொஞ்சம் நிறுத்த முடியுமா? சின்னக் குழந்தைங்க இருக்காங்க."

விருந்தாளி கேட்டதும் செய்து பழகிய கை, சாவிக்குப் போனது. கம்பளிக்குள்ளிருந்து ஐலீனின் கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. நோயாளிக்கு இத்தனை பலமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கண்ணாடிய ஏத்து" என்றாள்.

ஏற்றினான். வெளியே அந்த ஆள் சிரித்த முகத்தோடு இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.