சீத்தாப் புதரிலிருந்து ஒரு குரல்

பல் துலக்கிக்கொண்டிருந்த சகுந்தலா, வாய் நிறைய நுரையோடு கொல்லைக் கதவைத் திறந்து நின்றாள். போலாரத்தில் அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் ஆறு ஆண்டுகளாகக் கேட்காத குரல், மழை பிடித்த அந்த வாரம் முழுவதும் விடியலில் கேட்டுக்கொண்டிருந்தது. வலசை வரும் காடை மும்மூன்று அசையாகக் கூவும். இது இரண்டு அசை, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு. மழைக்காடைதான். ஆணின் மார்பில் மை சிந்தியதுபோல் ஒரு கறுப்பு இருக்கும். அதையும் பார்த்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. பாதி நிலம் மனைகளாகிவிட்ட பிறகு இங்கே காடை இல்லை என்று முடிவுகட்டியவள் அவளே. அந்த முடிவு பிழையாக வேண்டும் என்று இப்போது விரும்பினாள். கணவர் ஜகதீசன் போனபின் அவள் வேறு எதையும் இவ்வளவு விரும்பியதில்லை.

குரலைப் பதிவு செய்வது அவர் வேலை. பறவைக்குப் பெயர் சொல்வது அவளுடையது. அவருடைய கடைசிப் பதிவும் இதே புல்வெளியில் கேட்ட மழைக்காடைதான். முடியும் இடத்தில் இருமிவிட்டார். அதை வெட்டியெடுக்கச் சொல்லி அவள் விடாப்பிடியாக நின்றாள். "காடைக்கே அப்ஜெக்‌ஷன் இல்ல, உனக்கென்ன?" என்றவர், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார். அந்த இருமல் பிறகு அவரை விடவில்லை.

காலை நடைக்கு அழைக்க வந்த பக்கத்து வீட்டு லூர்துமேரி, உருது கலந்த அந்த ஊர்த் தமிழில் சொல்லிச் சிரித்தாள்.

"ஹவ் டீச்சர், உங்க காடை கடியாரம் பாத்துக் கூவுது போல. ஒரே சீரா இருக்குது."

சகுந்தலா வாயைக் கொப்பளித்தாள். நிறுத்தங்களைக் கவனித்தாள். உயிருள்ள தொண்டை காற்றுக்கும் களைப்புக்கும் ஏற்பத் தாமதிக்கும், இது தாமதிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள்.

"நக்கோ டீச்சர், போவாதீங்க, பாம்பு கிடக்கும்" என்ற குரல் பின்னால் தேய்ந்தது.

சீத்தாப் புதரில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே கைக்கடக்கமான ஒலிபெருக்கி. அதன் கீழே, புல்லோடு புல்லாக, நைலான் வலை விரிந்திருந்தது. காடை பிடிப்பவர்கள் விரித்தது. பொத்தானைத் தேடி விரலை வைத்தாள். இரண்டு அசை, நிறுத்தம், இரண்டு அசை. பிறகு ஓர் இருமல்.

தொலைவில் எட்டாத அந்த இருமல் இங்கே தெளிவாகக் கேட்டது. முடிப்பதற்குள் அடக்கப் பார்த்து, முடியாமல், குற்ற உணர்வோடு வெளிப்பட்டது.

அழுத்தி நிறுத்த வேண்டியதுதான். பதிவு முதலிலிருந்து தொடங்கியது. இன்னும் ஒருமுறை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது எதிர்ப்புறம் புல் அசைந்தது. தாழ்ந்த தலையோடு, குரலை நோக்கி, அது ஓடிவந்தது. மார்பில் மை சிந்திய கறுப்பு. அவள் முடிவு பிழைதான், ஒன்று மிஞ்சியிருந்தது.

இருமல் வந்தது. காடைக்கு ஆட்சேபம் இல்லை.

நனைந்த நைலான் இழைகள் ஒரு மூலையிலிருந்து அதிரத் தொடங்கின. சகுந்தலாவின் விரல் இன்னும் பொத்தானின் மேலேயே இருந்தது.