காம்பின் துளை

காய்ச்சலில் அம்புஜத்துக்குப் பால் வற்றிய மறுநாளே, நாத்தனார் ராமாமணி கோயமுத்தூரிலிருந்து பால் புட்டியோடு அன்னூர் வந்து இறங்கிவிட்டாள். அவளுக்கு மில்லும் காரும் உண்டு, பிள்ளைதான் இல்லை. ஊசியைக் காய்ச்சி ரப்பர் காம்பில் ஓட்டை போட்ட கையோடு, தொட்டிலையும் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதான்.

அம்புஜம் தனியாக, சின்ன ஓட்டையோடு ஒரு காம்பு வைத்திருந்தாள். புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாகத்தான் விழ வேண்டும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். பிள்ளை அதைச் சப்பிச் சப்பி, களைத்துப்போய்ப் பாதியில் தூங்கிவிடும். ராமாமணியின் காம்பிலோ மடமடவென்று குடித்துவிட்டுச் சிரிக்கும்.

"பாத்தியா சென்னா, பிள்ளையப் பட்டினி போடறா உம் பொண்டாட்டி. எனக்குத் தத்துக் குடுத்துப்போடு. வெள்ளிக்கெழம அவிநாசிக் கோயில்ல வெச்சு மொறையா என் மடியில போட்டுருங்க."

சென்னகிருஷ்ணன் அக்கா முன்னால் வாய் திறந்து பழகியவனில்லை. "நாம இன்னொண்ணு பெத்துக்கலாம் அம்மணி" என்றான் மனைவியிடம். என்னமோ பூசணி காய்ப்பதைப் போல!

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை மடியில் வாங்கியவள் எல்லோர் முன்னாலும் பால் புகட்ட வேண்டும். புரையேறினால் அபசகுனம், தத்து அதோடு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை விடியலில் ராமாமணியின் காம்பை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய ஊசியை அந்த ஓட்டையிலேயே விட்டு அகலமாக்கினாள். காலையிலிருந்து பிள்ளைக்கு ஒரு வாய் பால்கூடக் கொடுக்கவில்லை. ஒரு தடவை இருமட்டும், ஒரே ஒரு தடவை.

கோயில் மண்டபத்தில் ராமாமணி புட்டியை வைத்ததும் பிள்ளை வெறியோடு உறிஞ்சியது. மறுகணம் இருமலோடு மூக்கு வழியாகப் பால் பீறிட்டது. "அடக் கடவுளே, ஆகாதுங்க!" என்று கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். ராமாமணிக்கு முகம் செத்துப்போயிற்று. பார்த்த அம்புஜத்துக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"குடுங்கக்கா எம் பிள்ளைய."

பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சென்னகிருஷ்ணன் தலையைக் குனிந்தபடி, "வா அம்மணி, ஊட்டுக்குப் போலாம். பிள்ள நம்மகிட்டயே இருக்கட்டும்" என்றான். ஜெயித்துவிட்டாள். இருமலும் நின்றிருந்தது.

ராமாமணிதான் முதலில் கவனித்தாள். "ஒதடு நீலம் பாஞ்சிருச்சே! மூச்சு உடல! குடு கண்ணு, தலகீழாப் புடிக்கோணும், குடு!"

"தரமாட்டேன்" என்று அம்புஜம் இன்னும் இறுக்கினாள். அவள் முழங்கைக்குக் கீழே, மஞ்சள் தடவிய சின்னப் பாதம் ஒன்று அசையாமல் தொங்கியது.