'அவரு' என்ற முகவரிக்கு

கெர்வனெக் ஊரில் டெலிபோனும் இண்டர்நெட்டும் கோபுரத்திலிருந்து வருவதில்லை. நம்மை யாராவது நினைத்தால் வரும். நினைப்பு வந்து சேரும்போது முதலில் ஒரு விக்கல் எடுக்கும், பிறகு போனில் கோடு ஏறும். ஒரு கோடு இருந்தால் பேசலாம். இரண்டு இருந்தால் செய்தித்தாள் படிக்கலாம். மூன்றுக்கு மேல் உள்ளவர்கள் சினிமா பார்ப்பார்கள். நினைப்பு நின்றால் விக்கலும் நிற்கும், லைனும் போய்விடும்.

பிரான்சின் மேற்குக் கடற்கரையில் இருக்கும் சின்ன ஊர் அது. அங்கே எங்களுக்கு ஒரு விடுமுறை வீடு உண்டு. நான் புதுச்சேரியில் மில் பிட்டராக இருந்தவன். பிரான்சில் வீடு வாங்கும் வசதி எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. என் மனைவி அமலோற்பவத்தின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் தங்கைக்கு எழுதிவைத்த வீடு. ஒரே கூரையின் கீழ் இரண்டு பாதி. ஒரு பாதி எங்களுடையது. மறுபாதி, அவரோடு பட்டாளத்தில் இருந்த கபிரியேலுடையது. நடுவில் ஒரு செங்கல் சுவர்.

கபிரியேல் எங்கள் முத்தியால்பேட்டைக்காரன்தான். என் வயது. அமலோற்பவத்தைப் பெண் கேட்டு முதலில் வந்தவன் அவன். கடல் தாண்டிப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று சொல்லி அவளை எனக்குக் கொடுத்தார்கள். அவன் பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

கோடையில் மூன்று மாதம் அங்கே போய் இருப்போம். முதல் வருஷம் டெலிபோன் ஆபீசில் விலை விசாரித்தோம். விலை கூடிய திட்டத்தில், ஆபீசில் ஒரு பெண் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நம் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நம்மை நினைப்பாள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விடுவாள். ஞாயிறு லீவு. தெரியாமல் அதை எடுத்துவிட்டோம். நான் விக்கும்போதெல்லாம் அமலோற்பவம் என் முகத்தையே பார்த்தாள். நான்காம் நாள் நேரே ஆபீசுக்குப் போய் என் போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதன் பிறகு நாங்களே பார்த்துக்கொண்டோம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நினைப்பதில்லை என்பதால், யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும். நான் ரொட்டி வாங்கப் போவேன். அலை தடுப்புச் சுவர்வரை நடந்து, அங்கே நின்று அவளை நினைப்பேன். அவள் வீட்டில் விக்கிக்கொண்டே காரைக்காலில் இருக்கும் தங்கையோடு பேசி முடிப்பாள். விக்கலுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். எப்போதும் ஒரு வாய் மிச்சம் வைப்பாள். அடியில் மண் இருக்கும் என்பாள். குழாய்த் தண்ணீரில் ஏது மண் என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

அவள் வெளியே போகும் நாட்களில் எனக்குக் கோடு வரும். ஒரே ஒரு கோடு. கபிரியேல் வீட்டு வாசலை அவள் தாண்டும் இடத்தில் அது ஒரு நிமிஷம் விழும். பிறகு எழும். நான் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விழுந்தது.

இன்னொன்றும் உண்டு. அமலோற்பவம் அவன் பெயரை நாள்தோறும் சொன்னாள். கபிரியேல் மீன் கொண்டுவந்தாரு, கபிரியேல் கொடையை மறந்துட்டுப் போய்ட்டாரு என்பாள். என் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணத்தன்று கோயிலில், சாமியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் இடத்தில்கூட உதடு மட்டும்தான் அசைந்தது. சாமியாரும் போகட்டும் என்று விட்டுவிட்டார். என் பெயர் சவரிராயன். கடையில் சவரிமுடி கேட்கும்போதுகூட "அந்த நீட்டு முடி" என்றுதான் கேட்பாள். எல்லோரிடமும் நான் 'அவரு'.

அவள் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. இந்தக் கோடையில்தான் முதல் முறையாகத் தனியாகப் போனேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என்னோடு மில்லில் இருந்தவர்கள் யாரும் மிச்சமில்லை. நவம்பரில் பென்ஷன் ஆபீஸ் என்னை ஒருமுறை நினைக்கும். அது கோடைக்கு உதவாது. போனை ஜன்னலில் வைத்தேன். கூரையோரம் வைத்தேன். ஒரு கோடும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கபிரியேல் விக்கிக்கொண்டிருந்தான்.

காலையில் விக்கினான். சாப்பிடும்போது விக்கினான். நான் படுத்துச் சுவரில் காதை வைத்தால் அப்போதும் விக்கினான். யார் இவனை இப்படி நினைக்கிறார்கள் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க அவனுக்கு விக்கல் கூடியது.

மறுநாள் வேலியோரம் நின்று கூப்பிட்டான்.

"என்னடா சவரி, கோடு வந்துச்சா?"

"இல்ல."

"எனக்கு நாலு கோடுடா. நான் என்ன பண்ண? ஒரு வாய் காப்பி குடிக்க விடமாட்டேங்குது." மறுபடி விக்கினான். "ஊருல யாரோ என்ன மறக்கவே இல்ல போல."

"யாரா இருக்கும்?"

"அதெல்லாம் வெளிய சொல்லலாமாடா?" என்று சிரித்தான்.

எனக்கு யாரோடும் பேச வேண்டிய வேலை இல்லை. இண்டர்நெட்டில் ஊர்ச் செய்தி படிக்கலாம். படிக்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் ஒரு கோடாவது வேண்டும், அது அவளிடமிருந்து வர வேண்டும். இருக்கிற திட்டங்களிலேயே மலிவானது செத்தவர்களின் நினைப்புதான். அவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் சர்க்கார் அதற்கு வரி போடுவதில்லை. மனு எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

அங்கே மதாம் ரிவோல் என்ற அம்மாள் இருந்தாள். அகராதி பார்த்து நானாகப் படித்த பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னேன். அவள் பதிவேட்டைப் புரட்டினாள்.

"உங்கள் பெயருக்கு எந்த நினைப்பும் வரவில்லை, ஐயா."

"பக்கத்து வீட்டுக்கு வருவது யாருடையது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? செத்துப்போன ஒரு பெண்ணுடையதா?"

"இல்லை. உயிரோடு இருக்கும் ஆணுடையது." விரலை வரியில் ஓட்டினாள். "நான்கு கோடும் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன. சவரிராயன். சுவருக்கு அடுத்த பக்கம்."

"அது நான்தான்."

"நல்ல தரமான நினைப்பு, ஐயா. இரவும் பகலும் விடாமல் வருகிறது. எங்கள் ஆட்களால்கூட இவ்வளவு முடியாது."

நான் மனுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். மதாம் ரிவோல் அதிலிருந்த அமலோற்பவத்தின் பெயரை இன்னொரு முறை படித்துவிட்டு, "இந்தப் பெயரில் கிடங்கில் ஏதோ கிடக்கிறது" என்று எழுந்தாள்.

கிடங்கில் சுவர் நெடுக பிஸ்கட் டின்கள் அடுக்கியிருந்தன. நான்கு வருஷத்து நினைப்பு. டின்கள் அவ்வப்போது மெல்ல விக்கின. எல்லாவற்றிலும் ஒரே சீட்டு ஒட்டியிருந்தது. அனுப்புபவர் அமலோற்பவம். பெறுபவர் என்ற இடத்தில், தமிழ் தெரியாத யாரோ பார்த்து வரைந்த எழுத்தில், 'அவரு' என்று இருந்தது.

"இது யாருடைய பெயர்?" என்று கேட்டாள்.

"பெயர் இல்லை. அவர் என்று அர்த்தம்."

"எவர்?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கபிரியேல் வாசலில் விழுந்து எழுந்த கோடு ஞாபகம் வந்தது.

"பெயர் இல்லாமல் பட்டுவாடா செய்ய முடியாது" என்றாள் மதாம் ரிவோல். "அனுப்புபவர் தன் வாயால் ஒரு பெயர் சொல்ல வேண்டும். முகவரித் திருத்தத்துக்காக அவரை ஒருமுறை கூப்பிடலாம். நானும் லைனில் இருப்பேன். அவர் முதலில் சொல்லும் பெயரைப் பதிந்துகொள்வேன். நாளை நான்கு மணிக்குக் கூப்பிடுங்கள்."

கூப்பிட லைன் வேண்டும். லைன் கபிரியேல் வீட்டில்தான் இருந்தது.

மறுநாள் மூன்றரைக்கே போய்விட்டேன். கபிரியேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் தோளில் கை வைத்து, "இவ்ளோ நாளா நீதானாடா?" என்றான். மேசை விளக்குக்குப் பக்கத்தில் போனை வைத்தான். காப்பி போட்டுக் கொடுத்தான். மீன் வறுத்திருந்தான், அதையும் வைத்தான். சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். நான்கு கோடும் ஒவ்வொன்றாக இறங்கி ஒன்றாகிவிட்டது.

"டேய், கோடு கொறையுதுடா. என் மேல நல்ல எண்ணம் வந்துடுச்சா உனக்கு?"

"மீன் நல்லாயிருக்கு."

"அத மூடி வை. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. ஒங்க கல்யாணத்துக்கு முன்னாடி அவ எனக்கு வஞ்சிரம் கொழம்பு குடுத்தனுப்பியிருக்கா."

"அது அவ அண்ணன் குடுத்தனுப்பினது."

"தூக்குவாளி கழுத்துல பூ வச்சுக் கட்டியிருந்துச்சே, அதுவும் அண்ணனா?"

இரண்டாவது கோடு ஏறியது.

"நீ ரொட்டி வாங்கப் போவியே, அப்ப இங்க வந்து இந்த நாற்காலியிலதான் ஒக்காருவா."

மூன்றாவது ஏறியது. "என்ன பேசுவீங்க?" என்றேன்.

"உன்னப் பத்தித்தான்டா பேசுவா."

உடனே ஒரு கோடு விழுந்தது.

"இல்லடா, சும்மா சொன்னேன்! உன் பேச்சே வந்ததில்ல!" என்றான் அவசரமாக. ஏறியது. "என் சட்டைக்குப் பொத்தான் தச்சுக் குடுத்தா. இந்தா, இதே சட்டைதான், நீலப் பொத்தான்." நான்காவது கோடும் வந்து நின்றது. கபிரியேல் பேச முடியாமல் விக்கினான். பொத்தானை விரலால் பிடித்து என் கண்ணுக்கு நேரே காட்டிக்கொண்டே இருந்தான்.

நான்கு மணிக்குக் கூப்பிட்டேன். மணி இரண்டாவது முறை அடித்ததும் அமலோற்பவம் எடுத்தாள்.

"என்னங்க, சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். மீன்."

"முள்ளு பாத்துச் சாப்டுங்க." விக்கினாள். நான் நினைத்ததால் வந்த விக்கல். டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது.

"அமலோர், ஒரு காரியம் ஆகணும். நீ அங்க யார நெனைக்கிறன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க."

"இது என்ன கேள்வி? அவரத்தான் நெனைக்கிறேன்."

"அவருன்னா பத்தாதாம். பேரச் சொல்லணும்."

லைனில் மதாம் ரிவோல் காகிதத்தைத் திருப்புவது கேட்டது.

"நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்."

"நீதான் வாயால சொல்லணுமாம். ஒரே ஒரு தடவ."

"போங்க. இத்தன வருஷத்துல சொல்லாதத இப்ப வந்து சொல்லுவேனா? செத்த எடத்துல நாலு பேர் கேக்க மாட்டாங்க?" சிரித்தாள். "டிசம்பர் மூணாந்தேதி எந்தச் சாமிக்குத் திருநாள்னு கேட்டுக்கச் சொல்லுங்க." என் பெயர்கொண்ட புனிதரின் திருநாள் அது.

"பேருதான் வேணுமாம், அமலோர்."

"கட்டுனவர் பேரத்தான் சொல்லக் கூடாது. பேருன்னு ஒண்ணு வேணும்னா கபிரியேல் பேரச் சொல்றேன். கபிரியேல், கபிரியேல், கபிரியேல். போதுமா?"

"நன்றி, அம்மா. பதிவாகிவிட்டது" என்றாள் மதாம் ரிவோல்.

அமலோற்பவம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். திருத்தத்துக்கு ஒதுக்கிய நேரம் முடிந்திருந்தது.

டின்கள் அன்று மாலையே வண்டியில் வந்து கபிரியேல் வீட்டு வாசலில் இறங்கின. கையெழுத்துப் போட்டு வாங்கும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. திறந்ததும் ஐந்தாவது கோடு ஏறியது. ஆறாவது போனுக்கு வெளியே வளர்ந்தது. மேசை விளக்கை நகர்த்தி இடம் விட்டோம். அது சுவரைத் துளைத்து என் சமையலறைப் பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. நான் அதில் துண்டு காயப்போடுகிறேன்.

ஒரு வாரம் கழித்துக் கபிரியேல் வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"உன் பங்க நீ எடுத்துக்கடா. என்னால சோறு திங்க முடியல."

பட்டுவாடா ஆனதை மாற்ற முடியாது என்று மதாம் ரிவோல் சொல்லிவிட்டாள். அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் நான்கு மணிக்குக் கபிரியேல் என் வீட்டுக்கு வந்து, அமலோற்பவத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, அரை மணி நேரம் விக்குவான். நான் எதிரில் உட்கார்ந்து கேட்பேன். என் நினைப்பால் வரும் விக்கல் கட்டையாக இருக்கும். அவளுடையது மெல்லியது, இரண்டிரண்டாக வரும். வித்தியாசம் அவனுக்கும் தெரியும். "இது உன்னுது. இதுவும் உன்னுது. இது அவளுது" என்று கையால் காட்டுவான். போகும்போது நான் கொடுக்கும் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைப்பான். எனக்கு வர வேண்டியதையெல்லாம் அவன் தொண்டையில் கேட்டுவிட்டு, பாதி நாள் நான் அவனோடு பேசாமலே கதவைச் சாத்துவேன். அதனால் அவன் வீட்டில் லைனுக்குக் குறைவில்லை.

நேற்று கால்வலி என்று கபிரியேல் வரவில்லை. விக்கலை மட்டும் அனுப்பியிருந்தான். நான்கு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது, இரண்டிரண்டாக. திறந்தேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். குடித்துவிட்டு, ஒரு வாய் மிச்சம் வைத்தது.