ஜன்னலுக்கு வரும் தோயல்

விடிகாலை ஐந்து மணிக்கு, கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடியில், சமையலறை ஜன்னல் திட்டில் போனை வைத்து சுந்தரவல்லி அந்தப் பதிவை மறுபடியும் ஓட விட்டாள். முப்பத்தேழு நொடி தோயல் குருவியின், நம்மூர்க் குண்டுகரிச்சானின், பாட்டு. அது முடிந்து கடைசி ஐந்து நொடி அவள் புருஷன் மஹாதேவனின் கிசுகிசுப்பு. "மூச்சு விடாத சுந்தரி. வந்துட்டான் பாரு."

அவர் போய் நாலு மாதம். பறவை பறவை என்று அலைந்த மனுஷன், போன் நிறைய அதுகள் படம்தான். பேச்சென்று மிஞ்சியது இந்த ஒரு வரி. அதை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்த்தாள், சரிப்படவில்லை. இதோ பேசப்போகிறார் என்று காத்திருக்கும் அந்த முப்பத்தேழு நொடிதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

எதிர் மரப்பொந்தில் ஒரு தோயல் ஜோடி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. பதிவு ஓடியதும் ஆண் பறந்துவந்து, வாலை நிமிர்த்திக்கொண்டு, போனைப் பார்த்துத் தொண்டை கிழியப் பாடும். பாவம், இதுவும் அவரைத் தேடித்தான் வருகிறது என்று நினைத்தாள் சுந்தரவல்லி.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு மீரா வந்தாள். மஹாதேவனோடு பறவை பார்க்கப் போகிறவள்.

"ஆன்ட்டி, காலைல ரெண்டு குரல் கேட்டு பறவை லிஸ்ட்ல ரெண்டு ஆண் தோயல்னு எழுதிட்டேன். ஒண்ணுதான் கண்ணுல படுது. இன்னொண்ணு எங்க?"

சுந்தரவல்லி போனைக் காட்டினாள்.

"ஐயோ! கூடு கட்டற சமயத்துல இதப் போடவே கூடாது ஆன்ட்டி. எதிரி வந்துட்டான்னு சண்டைக்கு நிக்கும். குஞ்சுங்கள யார் பாத்துப்பா? நம்ம க்ரூப்ல இந்த ரூலே அங்கிள் போட்டதுதான்."

சுந்தரவல்லி போனைக் கவிழ்த்து வைத்தாள். "தெரியாமப் போச்சேம்மா. இனிமே தொட மாட்டேன்."

இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் அவருடைய மாசிகத் திதி. ஒரே ஒரு தரம், சத்தத்தைக் குறைத்துப் போட்டால் என்ன? மனசு கேட்டால்தானே.

அன்றைக்கு ஆணின் பின்னாலேயே பெண்ணும் வந்துவிட்டது. இரண்டும் ஜன்னலில் நின்று கத்தின. அவற்றுக்குப் பின்னால், நீள வால் தொங்க, ஒரு வால்காக்கை பொந்தின் வாயில் வந்து உட்கார்ந்தது. "சூ! ஐயோ, போ!" தட்டை எடுத்துக் கம்பியில் ஓங்கி அடித்தாள். போனில் அவர், மூச்சு விடாதே என்றார். மத்தியானத்துக்குள் மூன்று குஞ்சும் போயின.

பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டு, போனை அணைத்து அவருடைய சட்டைகளுக்கடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினாள். மீராவிடமும் ஒளிக்கவில்லை. அவள் லிஸ்டில் இரண்டை அடித்து ஒன்று என்று திருத்தினாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஆண் தோயல் ஜன்னலுக்கு வந்தது. பாடியது. நிறுத்தி, தலையைச் சாய்த்து, வெறும் திட்டைப் பார்த்தது. பதில் வரவில்லை. மறுபடி பாடி, மறுபடி நிறுத்தியது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. சுந்தரவல்லி மூச்சு விடாமல் நின்றாள்.