பட்டு கருகும் வாசனை

பழைய உடைகள் என்றால் அலினாவுக்குப் பைத்தியம். சித்தி அறுபதுகளில் தைத்துக்கொண்ட கவுனைத்தான் இன்றும் ஆசையாகப் போட்டுக்கொள்வாள். ஊரின் பழைய பகுதியான கஸ்பா பேட்டையில் மாளிகை ஒன்றை மியூசியமாக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அண்ணன் கிரேக்கை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாடி அறையில், கயிற்றுக்கு அப்பால், மரத்தாங்கியில் மயில்கழுத்து நிறப் பட்டு அங்கி ஒன்று நின்றது. அதன் கைப்பகுதியை உடலோடு எப்படி இணைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அண்ணா, ஏதோ கருகுது."

"கீழே வடாபாவ் கடைல இருந்து வர்றதா இருக்கும்."

"இல்ல, முடி பொசுங்குற மாதிரி இருக்கு. பட்டு எரிஞ்சா இப்படித்தான் நாறும்!"

கூரையிலிருந்த விளக்கு சரிந்து, அங்கியின் முதுகில் சாய்ந்திருந்தது. அங்கிருந்து மெல்லிய புகை கிளம்பியது. காவலாளியைக் கூட்டிவர கிரேக் படியிறங்கி ஓடினான். கீழே பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல். யாரும் வரவில்லை. புகை தடித்தது.

அலினா கயிற்றைத் தாண்டினாள். விளக்கு தொட முடியாதபடி கொதித்தது. தாங்கி தரையோடு திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தது. வேறு வழியில்லாமல் அங்கியைத் தோளோடு பற்றித் தூக்கினாள். சத்தமே இல்லாமல் அங்கியின் ஒரு கை தனியே பிரிந்து அவள் விரல்களில் தொங்கியது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் காவலாளி சுனில்; அவர் பின்னாலேயே கிரேக்கும் ஓடிவந்தான்.

"ஏய்! என்ன பண்றீங்க?" என்று ஹிந்தியில் கத்தியவர், போலீசுக்குப் போன் செய்யச் செல்லை எடுத்தார்.

"விளக்கு விழுந்திருந்தது பய்யா! துணி எரிஞ்சுது!" என்றான் கிரேக்.

"இவங்கதான் தட்டிவிட்டிருப்பாங்க."

"அலினா, முதுகைத் திருப்பிக் காட்டு! கருகினது தெரியட்டும்!"

அவள் அசையவில்லை. அங்கியை இரு கைகளிலும் ஏந்தியபடியே நின்றாள். "முடியாது. திருப்பினா மிச்சமும் போயிடும்."

"உன்னை போலீஸ் பிடிச்சுட்டுப் போகும்டி!"

"போகட்டும். மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லு."

தோள் கடுத்தது. கை சற்றே தாழ்ந்தாலும் ஓர் இழை விட்டுப்போவதாகவே தோன்றியது. மூச்சை அடக்கி நின்றாள்.

ஒருவழியாக மியூசியப் பொறுப்பாளர் வைஜயந்தி வந்தார். பெரிய அட்டையை அங்கிக்கு அடியில் மெல்ல நுழைத்து, சுனிலையும் பிடிக்கச் சொல்லி, மேசைமேல் இறக்கினார். இன்னொரு அட்டையால் மூடி, இரண்டையும் சேர்த்துத் திருப்பினார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய ஓட்டை. அதன் விளிம்பில் இன்னும் கருகல் நாற்றம் இருந்தது.

"போலீஸ் வேண்டாம், சுனில். எல்லா அறையிலும் விளக்கை அணைக்கச் சொல்."

பிறகு அலினாவிடம் திரும்பினார். "இந்தக் கையில தையல் விட்டுதா, துணியே கிழிஞ்சுதா?"

தையல் என்று சொல்லிவிடலாம். பிரிந்த தையலை மறுபடி போட்டுவிட முடியும். அலினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"துணிதான் மேடம். நான் இழுத்ததுல கிழிஞ்சது."

வைஜயந்தி தலையசைத்தார். கிழிந்த கையை அதன் இடத்தில் பொருத்தி வைக்க, மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும்படி அவளை அருகே அழைத்தார்.