சிரிக்கும் கண்ணாடி உறை

பூட்டுக்காரரின் மனைவி தைத்த மூக்குக்கண்ணாடி உறை முதன்முதலாகச் சிரித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. பழைய உடுப்புகளின் பிட்டுத் துணிகளைச் சேர்த்து வைத்து, கையாலேயே சின்னச் சின்னச் சாமான்கள் தைப்பவள் அவள். துணியில் உடுத்தியவரின் பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி. டீச்சர் ஒருவரின் புடவையில் தைத்த ஊசிமெத்தை அவ்வப்போது "உஸ்" என்று அதட்டும். வாங்கியவர்கள் அதை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் நீலக் கோடு போட்ட இந்த உறையிலிருந்து வந்தது ஒரு வாலிபனின் சிரிப்பு. வயிறு குலுங்கி, கடைசியில் ஒரு விக்கலோடு முடிகிற சிரிப்பு. அதுவும் அவள் ஏதாவது சொன்னால்தான் வந்தது.

"யாரு சட்டை இது?" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"நல்லாக் கேட்டீங்க போங்க," என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்தபடி. அடுத்த பிட்டுத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆள் யாரென்று தெரிந்ததும் அவளைக் கொண்டுபோய் அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிடுவது என்று தீர்மானித்தார். தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது: சந்தேகம் தட்டிய ஆண்களையெல்லாம் சிரிக்கவைத்துப் பார்ப்பது. உம்மணாமூஞ்சி என்று பெயரெடுத்த மனுஷர் பழைய வாரப் பத்திரிகைகளைப் புரட்டி ஜோக்குகளை மனப்பாடம் செய்தார். தபால்காரர் துருப்பிடித்த கீல் மாதிரிச் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் மூக்கால் சிரித்தார். அவள் முன்பு வேலை பார்த்த ஆபீஸ் மேனேஜர் சிரிக்கவே இல்லை. அந்த ஆளை மட்டும் நான்கு தடவை போய்ப் பார்த்தார். இப்படியே மூன்று வருடம் ஓடியது. பூட்டுக்காரர் பெரிய தமாஷ் பேர்வழி என்று தெரு நம்பிவிட்டது. அவரோ ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

நான்காம் வருடம் பொறுமை செத்துப்போய், பட்டப்பகலில், பூட்டுத் திறக்கும் கம்பியாலேயே உறையின் தையலைப் பிரித்தார். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. மடிப்புக்குள் இருந்தது வலது சட்டைக் கையின் விளிம்பு. அதில் வரிசையாக மூன்று பொத்தல். சாவி அரைக்கும்போது தெறிக்கும் தீப்பொறி பட்டவை. இடது கைக்காரர் அரைத்தால்தான் பொறி வலது கைமேல் விழும். ஊரில் இடது கைக்காரப் பூட்டுக்காரர் ஒரே ஒருவர்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட இவளுக்காக அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து சாவி அரைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. சட்டை பொசுங்கியதைப் பார்த்து அவள் ஜன்னல் வழியாகக் கேலி செய்தாள். அவர் விக்கல் வரும்வரை சிரித்தார்.

"இவரைத்தான் நான் கட்டிக்கிட்டேன்," என்றாள் அவள், பொசுங்கிய துணியைத் தொட்டுக் காட்டி. "நீங்க யாருன்னுதான் எனக்குப் பத்து வருஷமா சந்தேகம். இன்னிக்கும் தெரியலேன்னா நானே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன்."

அவர் ஊசியைத் தேடி எடுத்தார். ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தார். கண் கலங்கி இரண்டு தடவை தவறியது. அவள் தைத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "ஒரு துணியைத் திறக்கப் பூட்டுக்காரருக்கு மூணு வருஷம்," என்றாள். உறை சிரித்தது. அரை நொடி பிந்தி அவரும் சிரித்தார். விக்கல் இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்தது. இப்போது அவர் வேலைக்குப் போகும்போது உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். சாவி வாங்க வருகிறவர்கள் இரண்டு சிரிப்புக்கும் பொதுவாக ஒருமுறை தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.